தோட்டம் கேள்வி பதில்: மஞ்சள் ரோஜா கோலாலம்பூரில் மணக்குமா?

கேள்வி: அன்புள்ள அக்கா, பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போயிருந்தோம். பிரிஞ்சாங்கில் ஒரு கடை வாசலில் இடுப்பளவுக்கு மஞ்சள் ரோஜாப் புதர். கிட்டே போகும்போதே வாசனை தூக்கியது. அதே மாதிரி ஒரு தொட்டி வாங்கிவந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. இப்போது வரும் பூ எலுமிச்சம்பழ அளவுதான். முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. நம் ஊரில் மணக்கிற மஞ்சள் ரோஜாவை வளர்க்கவே முடியாதா?
வாசகி, செந்தூல்

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் மலையில் பார்த்த அதே அளவு பூவை இங்கே எதிர்பார்க்காதீர்கள். கேமரன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ராத்திரியில் அங்கே போர்வை வேண்டும். நமக்கு விடியற்காலையில்கூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிரில் மொட்டு நிதானமாகப் பெருக்கும், இதழ் தடித்து நிறையச் சேரும். இங்கே உள்ள சூட்டில் மொட்டு அவசரமாக விரிந்துவிடும். அதனால் பூ சிறுக்கும், இதழும் குறையும். அது நோயும் இல்லை, உங்கள் வளர்ப்பில் குறையும் இல்லை.

கரும்புள்ளிதான் நோய். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் மஞ்சள் ரோஜா சாவது பெரும்பாலும் இதனால்தான், வெயிலால் அல்ல.

உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளியின் ஓரம் வெட்டியது போல் இருக்காது. உறிஞ்சுதாளில் மைத்துளி விழுந்தது போல, விளிம்பு பிசிறு பிசிறாக ஊறிப் பரவியிருக்கும். சுற்றி ஒரு மஞ்சள் வளையம். எப்போதும் அடியிலிருக்கும் இலையில் தொடங்கி மேலே ஏறும். இது ஒரு பூஞ்சணம். மழைத்துளி தெறிக்கும்போது தரையிலிருந்தும் கீழ் இலையிலிருந்தும் இதன் வித்துகள் மேலே வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் மட்டும் போதாது. இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் வித்து முளைத்து உள்ளே போக முடியும். அதற்கு மிகவும் பிடித்த சூடு 24 டிகிரி சுற்றுவட்டாரம்.

இப்போது நம் ஊர் நாளை நினைத்துப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு இடியுடன் மழை. ஆறு மணிக்கு விட்டாலும் இலை காய்வதில்லை. ராத்திரி காற்று அசையாது, சூடு சரியாக 24. மறுநாள் காலை உங்கள் செடியின் மேல் எப்போது வெயில் விழுகிறது? பத்து மணிக்கு மேல் என்றால், ஏழு மணி நேரம் கேட்கிற பூஞ்சணத்துக்கு நாம் பதினாறு மணி நேரம் கொடுக்கிறோம். எந்த மருந்து அடித்தாலும் இந்தக் கணக்கை முதலில் சரிசெய்யாமல் பயனில்லை.

ஆகவே நான் யாருக்கும் முதலில் சொல்வது இடத்தைப் பற்றித்தான். காலை எட்டு மணிக்கே வெயில் விழுகிற கிழக்குப் பக்கம். தினமும் ஆறு மணி நேர வெயில். மேலே கார் நிறுத்தும் இடத்தின் கூரை நீட்டிக்கொண்டிருந்தால், அதன் விளிம்புக்கு உள்ளே ஓரடி தள்ளித் தொட்டியை வையுங்கள். காலை வெயில் சாய்வாக உள்ளே வரும், மாலை மழை வெளியே விழும். கெப்போங்கில் என் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. அங்கே நிற்கிற மஞ்சள் செடிக்கும், பின்பக்கம் துணி காயவைக்கும் இடத்தில் நிற்கிற அதே ரகச் செடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தவர்கள் இரண்டும் ஒரே ரகம் என்று நம்புவதில்லை. முன்னால் இருப்பது முழங்கால்வரை இலை மூடிய புதர். பின்னால் இருப்பது உச்சியில் மட்டும் நாலு இலை.

ஒரு தொட்டிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கை வீசி நடக்கிற அளவு இடைவெளி இருக்கட்டும். சுவரோடு சுவராக ஒட்டி வைக்காதீர்கள். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். ஹோஸ் பைப்பைப் பிடித்துத் தலையில் குளிப்பாட்டுகிற பழக்கம் ரோஜாவுக்கு ஆகாது. மண்ணின் மேல் தேங்காய் மட்டைத் துண்டோ காய்ந்த புல்லோ இரண்டு விரல் உயரம் பரப்பினால் மழைத்துளி மண்ணை அடித்துத் தெறிக்காது. விழுந்த இலையை அன்றன்றைக்கே பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

எல்லா ரோஜாவுக்கும் இந்த நோய் வரும். ஆனால் அடர் மஞ்சளுக்குக் கூடுதலாக வருவதற்கு ஒரு பரம்பரைக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை ஐரோப்பியத் தோட்டங்களில் வருஷம் முழுக்கப் பூக்கிற அடர் மஞ்சள் ரோஜா கிடையாது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் பெர்னே தூஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கொண்டு பல வருஷம் கலப்பு செய்து, 1900இல் 'சொலேய் டோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். இன்று நாம் பார்க்கிற பளீர் மஞ்சள், ஆரஞ்சு ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. பாரசீக ரோஜா வறண்ட நாட்டுச் செடி. ஈரத்தில் கரும்புள்ளியை எதிர்க்கிற சக்தி அதற்குக் கிடையாது. நிறத்தோடு அந்தப் பலவீனமும் பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டது.

மஞ்சளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். சீனாவிலிருந்து 1824இல் 'பார்க்ஸ் எல்லோ' என்ற வெளிர் மஞ்சள் ரோஜா இங்கிலாந்துக்குப் போனது. அதன் வம்சத்தை டீ ரோஜா என்பார்கள். உலர்ந்த தேயிலைப் பெட்டியைத் திறந்தால் வருகிற மாதிரி மென்மையான வாசனை. இவை சூட்டுக்குப் பயப்படாதவை, குளிர்தான் ஒத்துக்கொள்ளாது. 1910இல் வந்த 'லேடி ஹில்லிங்டன்' இந்த வகை: ஏப்ரிகாட் பழ மஞ்சள், நீண்ட மொட்டு, பூ கொஞ்சம் தலை குனிந்திருக்கும், நல்ல மணம். பெயர் சொல்லி வாங்கக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

அதற்கு அடுத்தபடியாக நான் சொல்வது 'ஜூலியா சைல்ட்'. அமெரிக்காவில் உருவான ரகம், பட்டர் நிறம், பளபளக்கிற இலை, சோம்பு கலந்த இனிப்பு வாசனை. மஞ்சள் ரோஜாக்களில் கரும்புள்ளியை நன்றாகத் தாங்குகிறவற்றில் ஒன்று. டேவிட் ஆஸ்டின் உருவாக்கிய ஆங்கிலப் புதர் ரோஜாக்களைப் பலர் கேட்கிறீர்கள். 1983இல் வந்த 'கிரஹாம் தாமஸ்', 1992இல் வந்த 'கோல்டன் செலிப்ரேஷன்' இரண்டும் மணத்துக்குப் பேர்போனவை. கிரஹாம் தாமஸை உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு 2009இல் தன் புகழ்வரிசையில் சேர்த்தது. அழகில் குறை சொல்லவே முடியாது. ஆனால் இதழ் நெருக்கமான பூ நம் மழையில் நனைந்தால் வெளி இதழ் ஒட்டிக்கொண்டு, விரியாமலே பழுப்பாகி அழுகும். மழை படாத கூரை இருந்தால் மட்டும் இவற்றை வையுங்கள். திறந்தவெளியில் வைப்பதானால் இதழ் குறைவான பூதான் நமக்கு லாபம்.

சரி, நர்சரியில் போய்ப் பெயர் கேட்டால் 'ரோஸ் கூனிங்' (மலாயில் மஞ்சள் ரோஜா) என்பதற்கு மேல் பதில் வராது என்பது எனக்கும் தெரியும். பரவாயில்லை, கண்ணும் மூக்கும் போதும். சுங்கை பூலோ சாலையோர நர்சரிகளுக்குக் காலையில் பத்து மணிக்கு முன்னால் போங்கள். (அந்தச் செடிக்கடைகளின் தொடக்கம் 1930இல் திறந்த தொழுநோய்க் குடியிருப்பு. அங்கே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கைராசியில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கின் பாதி வீடுகள் பசுமையாக இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.) பூ நிறைந்த செடியைப் பார்த்து மயங்காதீர்கள். அடி இலைகள் உதிராமல் இருக்கிறதா? அடியிலிருந்து சிவந்த புதுத்துளிர் கிளம்புகிறதா? பாதி விரிந்த பூ ஒன்றை முகர்ந்து பாருங்கள், முழுக்க விரிந்ததை வேண்டாம். இலை பளபளப்பாக, தடிப்பாக இருந்தால் பூஞ்சணத்தைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். கீழே, நம் சூட்டிலேயே சில மாதம் நின்ற செடியாகக் கேட்டு வாங்குங்கள். நேற்று மலையிலிருந்து லோரியில் இறங்கிய செடி இலையைக் கொட்டிவிட்டுத்தான் பழகும்.

மண்ணுக்கு வருகிறேன். நம் செம்மண் மழையில் களியாகி, வெயிலில் ஓடாகிவிடும். புளிப்பும் அதிகம். தொட்டிக்கு இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு உமிக்கரி, ஒரு பங்கு மக்கிய மாட்டுச் சாணம் அல்லது கம்போஸ்ட். தொட்டி முப்பது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. உரத்தைக் கொஞ்சமாகவும் அடிக்கடியும் போடுங்கள். தினசரி மழை போட்டதையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடும், நம் செடிக்குக் குளிர்கால ஓய்வும் கிடையாது. கடையில் '12-12-17-2' என்று போட்டு விற்கிற நீல பாஜா உரத்தில் ஒரு தேக்கரண்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டி ஓரமாக. தண்டை ஒட்டிப் போட்டால் சுட்டுவிடும்.

மருந்து வேண்டுமா என்றால், மழை மாதங்களில் வேண்டியிருக்கும். மேன்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி, புள்ளி வருவதற்கு முன்னால் இலையைக் காப்பாற்றும். வந்த புள்ளியை அழிக்காது. டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கு மேல் கலக்காதீர்கள், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

வாசனை ஏன் போனது என்று கேட்டீர்களே. மணம் தரும் எண்ணெய் இதழின் மேல்தோலில்தான் இருக்கிறது. சூடு ஏற ஏற அது ஆவியாகிவிடும். நம் ஊரில் பதினோரு மணிக்கு முகர்ந்தால் மல்லிகையே மங்கித்தான் இருக்கும், ரோஜாவை என்ன சொல்ல. காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள், பாதி விரிந்த பூவிடம் போய் நில்லுங்கள். நடுவில் முட்டைக்கரு நிறம் இன்னும் மூடியிருக்கும், வெளி இதழ் மட்டும் வெளிறத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில்தான் மணம் உச்சம். இன்னொன்று, இலை இல்லாத செடி மணத்தைச் செய்ய முடியாது. இலைதான் சர்க்கரை சமைக்கிறது. உங்கள் செடியில் இப்போது வருகிற மொட்டுகளை வருத்தப்படாமல் கிள்ளிவிடுங்கள். காய்ந்த குச்சிகளை வெட்டி, கூரைக்கு உள்ளே கிழக்குப் பக்கம் மாற்றி வைத்து, இரண்டு மூன்று மாதம் இலைக்காக மட்டும் வளருங்கள். அதற்கப்புறம் வருகிற பூவை வைத்து அந்தச் செடி மணக்கிறதா என்று தீர்ப்பு சொல்லலாம்.

கேள்வி: எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி. பால்கனி மேற்குப் பார்த்தது. அங்கே மஞ்சள் ரோஜா வைக்கலாமா அக்கா?
வாசகர், பினாங்கு

பதில்: வைக்கலாம் தம்பி. உங்களுக்கு மாடியில் காற்று இருப்பதால் கரும்புள்ளித் தொல்லை எங்களைவிடக் குறைவாகவே இருக்கும். உங்கள் சிக்கல் மத்தியான வெயில். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கவாட்டை மூன்று மணிக்குத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. உள்ளே வேர் வெந்துபோகும். மண்தொட்டி வாங்குங்கள், அல்லது பிளாஸ்டிக் தொட்டியை இன்னும் பெரிய தொட்டிக்குள் இறக்கி நடுவில் தேங்காய் நார் அடையுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை பினாங்கில் மழை குறைவு. அந்த மாதங்களில் காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தேவைப்படலாம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தட்டு போதும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் வரலாம். அபராதம் இருக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டிங்கி வந்தால் நம்மால் தாங்க முடியுமா? தட்டில் மணலை நிரப்பிவிடுங்கள்.

கேள்வி: மஞ்சள் ரோஜா மொட்டு விரியும்போதே இதழ் ஓரம் தீய்ந்தது போல் பழுப்பாக இருக்கிறது. சிவப்பு ரோஜாவில் இப்படி இல்லை. வெயில் பட்டதாலா?
வாசகி, கிள்ளான்

பதில்: இலைப்பேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு பூவைப் பறித்து வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். அரிசி நுனியைவிடச் சிறிய, மஞ்சளோ பழுப்போ ஆன மெல்லிய பூச்சி ஓடினால் அதேதான். மஞ்சளும் வெள்ளையும் அதற்குப் பிடித்த நிறம், அதனால்தான் சிவப்பை விட்டுவிட்டு இங்கே வருகிறது. கெட்ட பூவையும் மொட்டையும் பறித்துப் பையில் கட்டிப் போடுங்கள், செடியடியில் போடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு, மழை இல்லாத நாளில், வாரம் ஒருமுறை மொட்டுகளிலும் இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். மத்தியானத்தில் தெளித்தால் எண்ணெய் இலையைச் சுட்டுவிடும்.

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் வீட்டு மஞ்சள் ரோஜாவையே சாமிக்கு வைக்க ஆசை. எப்போது வெட்டிவிட வேண்டும்? மாலை கட்டலாமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஐயா, நம் சூட்டில் கிளையை வெட்டிய நாளிலிருந்து ஆறு ஏழு வாரத்தில் பூ வரும். நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். குளிர்நாட்டுப் புத்தகத்தில் காட்டுகிற மாதிரி அடியோடு வெட்டினால் நம் ஊரில் செடி எழுந்திருக்காது. ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்க்கிற கணுவில் சாய்வாக வெட்டி, அப்புறம் உரம் கொடுங்கள்.

மாலைக்கு இந்தப் பூ சரிப்படாது. காலையில் விரிந்தது மாலைக்குள் உதிரும், நாரில் நிற்காது. உதிரியாக அர்ச்சனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது விடியும் முன் பாதி மொட்டாகப் பறித்து, பித்தளை உருளியில் தண்ணீரில் மிதக்கவிட்டால் பூஜையறை முழுக்க மணக்கும்.

கேள்வி: இரண்டு வருஷம் மஞ்சளாகப் பூத்த செடி இப்போது கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ பூக்கிறது. நிறம் மாறிவிட்டதா?
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: நிறம் மாறவில்லை அம்மா, செடியே மாறிவிட்டது. கடையில் வாங்குகிற ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். கீழே காட்டு ரோஜா வேர், மேலே நாம் விரும்பிய மஞ்சள். ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுக்கிளை கிளம்பி, சாப்பாட்டையெல்லாம் அதுவே எடுத்துக்கொண்டது. தண்டின் அடியில் முண்டாகத் தடித்த இடம் தெரியும், அதுதான் ஒட்டு. மண்ணை விலக்கி, அதற்குக் கீழிருந்து வருகிற கிளைகளை வேரோடு சேர்கிற இடத்தில் பிடித்து இழுத்துப் பிய்த்துவிடுங்கள். கத்தரித்தால் அடிக்கணு மிஞ்சி, திரும்பத் துளிர்க்கும். முண்டுக்கு மேலே ஒரு பச்சைக் கிளையாவது இருந்தால் மஞ்சளைக் காப்பாற்றிவிடலாம். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். மேலே எல்லாம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் வேறு செடிதான் வாங்க வேண்டும்.